வெற்று அலுமினியத்தில் கண்ணாடிப் பளபளப்பு: எந்தத் தாள், எந்தப் பஃப், எந்த வேகம்?

#1 புதுப்பட்டறை

வணக்கம். மூன்று சாமான்கள் பாலிஷுக்கு இருக்கின்றன.

முதலாவது 50 மி.மீ. குழாய். 6063 ரக அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியே பிதுக்கியது), வெள்ளி நிற அனோடைசிங்கோடு (மின்வேதி முறையில் ஏற்றிய ஆக்சைடு படலம்) வந்தது. இரண்டாவது மோட்டார் சைக்கிள் இன்ஜினின் பக்க மூடி. வார்ப்பு. கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) அங்கங்கே உரிந்து, அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள். மூன்றாவது 2 மி.மீ. தட்டைத் தகடு, என்ன ரகம் என்று தெரியாது.

கருவிகள்: 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் (11,000 ஆர்பிஎம், வேகம் குறைக்க முடியாது), ட்ரில், 6 இன்ச் பெஞ்ச் கிரைண்டர், 5 இன்ச் ஆர்பிட்டல் சாண்டர்.

எந்த நம்பர் உப்புத்தாளில் தொடங்கி எதில் நிறுத்துவது? பாலிஷ் சோப்பு (பஃபில் தடவும் கட்டி) எந்த நிறம்? ஆங்கிள் கிரைண்டரில் துணி பஃப் (பாலிஷ் போடும் துணிச் சக்கரம்) மாட்டலாமா? குழாயில் ஓர் ஓரத்தில் ட்ரில் பஃப் வைத்துப் பார்த்தால் பளபளப்பு கொஞ்சமும் கூடவில்லை, அது ஏன்?

#2 சாணைக்கல்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். குழாய் மேல் இருக்கும் அனோடைசிங்கும் பாலிஷ் சோப்புகள் பலவற்றில் இருக்கும் தூளும் ஒரே பொருள், அலுமினியம் ஆக்சைடு. அதை வைத்து அதையே தேய்த்தால் என்ன நடக்கும்? பஃப் சூடாகும், வேறொன்றும் ஆகாது. அந்தப் படலம் சாதாரணமாக 5 முதல் 25 மைக்ரான் கனம். அது முழுக்கப் போனால்தான் வேலையே தொடங்கும்.

படலம் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். ஓம் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் மெதுவாகத் தொடுங்கள். அழுத்திக் குத்தினால் முனை படலத்தைத் துளைத்துத் தப்பாகக் காட்டும். வெற்று அலுமினியம் என்றால் பூஜ்யத்தை ஒட்டி வரும். அனோடைஸ் ஆனது என்றால் மின்சாரமே போகாது.

எடுக்க இரண்டு வழி. 240 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுப்பது ஒன்று. காஸ்டிக் சோடா இன்னொன்று: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் கலக்கிப் பாத்திரத்தையும் சேர்த்துக் கரைத்தவர்கள் உண்டு. ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, அருகில் நெருப்பு கூடாது. வருவது ஹைட்ரஜன்.

குழாயை உள்ளே விட்டதும் முதலில் சாதுவாக இருக்கும். படலம் தீர்ந்து உலோகம் தெரிந்த நொடியிலிருந்து நுரை பொங்கும். அதுதான் அடையாளம், உடனே வெளியே எடுத்து நிறையத் தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் மிச்சக் காரம் போய்விடும். இன்னும் ஐந்து நிமிடம் கிடக்கட்டும் என்று விட்டால் உலோகம் அரித்து மேற்பரப்பு சொரசொரப்பாகும், அதைச் சமப்படுத்த மறுபடி 240 தாளுக்கே வர வேண்டியிருக்கும். குழாயில் துத்தநாகப் பாகம், பெயின்ட், ஒட்டுப்பசை ஏதாவது இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள், எதையும் காஸ்டிக் விட்டுவைக்காது.

#3 வார்ப்புக்காரன்

இன்ஜின் மூடியை மட்டும் காஸ்டிக்கில் போட்டுவிடாதீர்கள். அழுத்த வார்ப்புக்கு (உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது) பெரும்பாலும் ஏடிசி12 மாதிரி ரகங்கள்தான். அதில் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம் வரை. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைக்கும், சிலிக்கானை லேசில் தொடாது. மூடி கரி பூசிய மாதிரி வெளியே வரும். பெயின்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து, தின்னரில் துடையுங்கள். போதும்.

அந்த வெள்ளைப் புழுத்தடம் கிளியர் கோட்டுக்கு அடியில் ஓடிய அரிப்பு. ஒரு கீறல் வழியாக ஈரமும் உப்பும் நுழைந்து, படலத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஊர்ந்து போகும். தடத்தின் அடிமட்டம் வரை தேய்த்தாக வேண்டும். மேலே மட்டும் தேய்த்தால் பாலிஷ் முடிந்த பிறகு கறுப்புப் புள்ளி வரிசையாக நிற்கும்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அழுத்த வார்ப்பின் வெளித்தோல்தான் இறுக்கமானது. அதற்குக் கீழே போகப் போகக் காற்றுக் குமிழித் துளைகள் வரும். 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) வைத்துப் புகுந்து விளையாடினால் தோல் போய் ஊசித்துளைகள் திறக்கும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் புதுத் துளைதான் வரும். 180 அல்லது 240இல் தொடங்கி, தடம் போகும் அளவுக்கு மட்டும் இறங்குங்கள். மணல் வார்ப்பு வேறு கதை, அங்கே மேற்பரப்பே கரடுமுரடு, 120இல் தொடங்கத்தான் வேண்டும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். குழாய்க்கு வரும் பளிச்சென்ற வெள்ளி நிறம் இந்த மூடிக்கு வராது. முகம் தெரியும், ஆனால் நிறம் சற்றுச் சாம்பல் பூத்தே இருக்கும். சிலிக்கான் துகள் கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மென்மை. மெத்தென்ற பஃபில் நெடுநேரம் தேய்த்தால் மென்மையானது பள்ளமாகும், கடினமானது மேடாக நிற்கும். வார்ப்புக்கு விறைப்பான பஃப், குறைந்த நேரம்.

#4 சாணைக்கல்

இப்போது தாள். பளபளப்பு பஃபில் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முக்கால்வாசி வேலை தாளிலேயே முடிந்துவிடுகிறது. பஃப் செய்யும் வேலை கடைசித் தாள் விட்ட கோட்டை அழிப்பது, அவ்வளவுதான். 240 நம்பர் கோடு ஒன்று தப்பி வந்துவிட்டால் பஃப் அதை அழிக்காது, ஓரத்தை மழுக்கிப் பளபளவென்ற பள்ளமாக்கும்.

தாளின் துகள் அளவைப் பார்த்தாலே இது புரியும். பி240இல் சராசரி 58.5 மைக்ரான், பி400இல் 35, பி600இல் 25.8, பி1000இல் 18.3, பி1500இல் 12.6, பி2000இல் 10.3. 240இலிருந்து ஒரே தாவலில் 1000க்குப் போனால் மூன்று மடங்கு சின்னத் துகள் அந்தப் பள்ளத்தை நிரவ வேண்டும். நேரமும் போகும், தாளும் போகும். 240, 400, 600, 800 என்று ஏறுவதுதான் கடைசியில் சீக்கிரம் முடியும்.

ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். 240 நெடுக்கில் என்றால் 400 குறுக்கில், 600 மறுபடி நெடுக்கில். அப்போதுதான் முந்தைய தாளின் கோடு தனியாகக் கண்ணில் படும். மார்க்கர் பேனாவால் மேலே நாலு கோடு இழுத்துவிட்டுத் தேய்ப்பதும் நல்லது, பள்ளத்தில் மை நிற்கும். பழைய கோடு மறைந்ததும் நிறுத்தாதீர்கள். அது மறைய எவ்வளவு நேரம் ஆனதோ, அதே அளவு இன்னொரு முறை தேய்க்க வேண்டும். கோட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் படை அப்போதுதான் போகும்.

அலுமினியம் தாளில் அப்பிக்கொள்ளும். அப்பிய கட்டி ஒன்று போதும், ஆழமாக உழுதுவிடும். கையால் தேய்த்தால் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஈரமாகவே தேய்க்கலாம். உங்கள் சாண்டர் மின்சாரத்தில் ஓடுவது, அதில் தண்ணீர் கூடவே கூடாது. அதற்கு ஸ்டியரேட் (உலோகம் அப்பாமல் தடுக்கும் பூச்சு) பூசிய டிஸ்க் வாங்குங்கள், அடிக்கடி தட்டி உதறுங்கள், அழுத்தாதீர்கள். அழுத்தினால் தாளிலிருந்து பெயர்ந்த துகள் மென்மையான உலோகத்தில் புதைந்துவிடும். அது பிறகு பஃப் போடும்போது விடுபட்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு கீறலைப் போட்டுப் போகும். தாள் மாற்றும்போதெல்லாம் சாமானையும் கையையும் மேசையையும் கழுவச் சொல்வது இதனால்தான்.

எதில் நிறுத்துவது என்பது பஃப் எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தது. 8 இன்ச் தைத்த பஃப், வலுவான மோட்டார், பழுப்பு சோப்பு என்றால் 600 போதும். உங்கள் 6 இன்ச் பெஞ்ச் கிரைண்டருக்கு 1000. ட்ரில் மட்டும்தான் என்றால் 1500, முடிந்தால் 2000 வரை போய்விடுங்கள்.

குழாய்க்கு ஆர்பிட்டல் சாண்டர் வேண்டாம். வட்டத்தில் தட்டையான பட்டைகள் விழும், அது கண்ணாடி ஆன பிறகுதான் வளைந்து நெளிந்து தெரியும். தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழாயைச் சுற்றிப் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் இழுங்கள். அடுத்த தாளுக்குச் சாய்வாக. கடைசித் தாள் மட்டும் நெடுக்கில்.

தட்டைத் தகட்டுக்குத் தாளுக்குப் பின்னால் விறைப்பான பிளாக் இருக்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம்.

#5 மூன்றாம்பஃப்

பஃப் விஷயத்தில் ஆர்பிஎம்மைப் பார்க்காதீர்கள், விளிம்பு வேகத்தைப் பாருங்கள். விட்டம் (மீட்டரில்) × 3.14 × ஆர்பிஎம் ÷ 60. வருவது வினாடிக்கு இத்தனை மீட்டர்.

அலுமினியத்தை வெட்டும் (தாள் கோட்டை அழிக்கும்) கட்டத்துக்கு 30 முதல் 45, மினுக்கும் கட்டத்துக்கு 30 முதல் 36 நல்ல அளவு. உங்கள் கருவிகளுக்குக் கணக்குப் போட்டால்:

4 இன்ச் பஃப், ஆங்கிள் கிரைண்டர், 11,000 ஆர்பிஎம்: கிட்டத்தட்ட 58.
6 இன்ச் பஃப், பெஞ்ச் கிரைண்டர், 2,850 ஆர்பிஎம்: 22.
4 இன்ச் பஃப், ட்ரில், 2,500 ஆர்பிஎம்: 13.

ஆக, ஆங்கிள் கிரைண்டர் பதில் கிடைத்துவிட்டது. அந்த வேகத்தில் சோப்பு ஒட்டாது, விசிறி அடிக்கும். உலோகம் ஒரே இடத்தில் சூடேறி இழுபடும். அதோடு சாதாரணத் துணி பஃப்கள் பெரும்பாலானவை அந்த ஆர்பிஎம்முக்குச் செய்யப்பட்டவையே அல்ல. பஃப் மேல் அச்சிட்ட அதிகபட்ச வேகத்தைப் படிக்காமல் எதையும் மாட்டாதீர்கள். வேகம் மாற்றக்கூடிய கிரைண்டர் கிடைத்தால் 4 இன்ச் பஃப்புக்கு 6,000 முதல் 7,000. மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி எதையாவது இடையில் மாட்டி வேகத்தைக் குறைக்கும் வேலை வேண்டாம்: முறுக்கு விசை செத்துவிடும், மோட்டாரின் விசிறியும் மெதுவாகிச் சுருள் கருகும்.

பெஞ்ச் கிரைண்டரின் 22 கொஞ்சம் சோம்பல்தான், ஆனால் வேலை நடக்கும். கவசத்தையும் சாமான் தாங்கியையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சாமான் நடுவில் மாட்டிக்கொள்ளும். அச்சு கட்டையாக இருந்தால் நீட்டிப்பு மாட்டுங்கள். குழாய் மோட்டார் உடம்பில் இடிக்கும்.

பஃப் மூன்று வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே சோப்பு, வாழ்நாள் முழுக்க. பேனாவால் எழுதி வையுங்கள். தாள் கோடு அதிகம் இருந்தால் சைசல் நார் பஃப், பழுப்பு அல்லது கறுப்பு சோப்பு. அடுத்து சுருளாகத் தைத்த விறைப்பான பருத்தி, டிரிப்போலி எனப்படும் பழுப்பு சோப்பு. கடைசியில் தையல் நடுவில் மட்டும் உள்ள தளர்வான பருத்தி அல்லது ஃபிளானல், வெள்ளை சோப்பு. வார்ப்புக்குத் தளர்வான பஃபைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன காரணத்துக்காக.

சோப்பு வைப்பது: ஓடும் பஃபில் ஒரு வினாடி, இரண்டு வினாடி, லேசாக. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. புதுசாக வருபவர்கள் செய்வது எப்போதும் இதற்கு நேர் எதிர். நிறைய வைத்தால் கொழுப்பு உருகி, அதில் அலுமினியத் தூள் கலந்து, கறுப்புப் பசையாக சாமான் மேல் இழுபடும். பஃப் முகம் கறுத்துக் கண்ணாடி போல் இறுகிவிட்டால் பல் உள்ள சீவுகோலால் சீவி, பஞ்சை எழுப்பி, புதுச் சோப்பு வையுங்கள். பழைய இரும்பு அறுக்கும் பிளேடும் போதும்.

திசையிலும் விஷயம் இருக்கிறது. பஃப் சுழலும் திசைக்கு எதிராகச் சாமானை நகர்த்தினால் வெட்டும். சுழலும் திசையோடு, அழுத்தாமல் நகர்த்தினால் மினுக்கும். ஒவ்வொரு சோப்பிலும் முதலில் எதிராக, கடைசிச் சில இழுப்புகள் சேர்ந்து.

#6 அரமும்உளியும்

பச்சை சோப்பை விட்டுவிட்டீர்களே. லாரி சக்கரத்துக்குக் கடைசிக் கை பச்சைதான்.

#7 மூன்றாம்பஃப்

வேண்டுமென்றேதான் விட்டேன். பச்சை என்பது குரோமியம் ஆக்சைடு, முதலில் ஸ்டெயின்லெஸுக்கு வந்தது. 8 இன்ச் தளர்வான பஃப், போதிய வேகம், சூடேறிய உலோகம் இருந்தால் அலுமினியத்தில் ஆழமான பளபளப்பு தருகிறது, அதை மறுக்கவில்லை. 6 இன்ச் பஃபில் 22 மீட்டர் வேகத்தில் அதே பச்சை கறை போல் அப்பிக்கொண்டு நிற்கும். இவர் கையில் இருக்கும் கருவிக்கு வெள்ளைதான் தவறாத வழி.

சிவப்பு ரூஜ் பற்றியும் கேட்பார்கள் என்பதால்: அது இரும்பு ஆக்சைடு, தங்கத்துக்கும் வெள்ளிக்கும். வார்ப்பின் துளையில் புகுந்தால் துரு மாதிரி தெரியும்.

#8 அரமும்உளியும்

சரி, வேகத்தைச் சொன்ன பிறகு மறுக்க இடமில்லை. 7 இன்ச் ரோட்டரி பாலிஷர் (600 முதல் 3,000 ஆர்பிஎம்) ஒன்று வாங்கினால் மூன்று சாமானுக்கும் உதவும், பச்சைக்கும் உதவும். 180 மி.மீ. பஃபில் 3,000 என்றால் 28 மீட்டர் வந்துவிடுகிறது.

#9 விண்தகடு

அந்த 2 மி.மீ. தகட்டைத் தாளால் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம். விமானத் தகடாக இருந்தால் அது ஆல்கிளாட் ஆக இருக்கலாம். உள்ளே 2024 கலப்பு, இரு பக்கமும் தூய அலுமினியத் தோல். இந்தக் கனத்தில் ஒவ்வொரு பக்கத்துத் தோலும் மொத்தத்தில் சுமார் 2.5 சதவீதம், அதாவது 50 மைக்ரான். 240 தாள் அதை எளிதாகக் கடந்து போய்விடும். தோல் போன இடம் நிறம் மாறித் திட்டாகத் தெரியும், அரிப்பும் அங்கேதான் பிடிக்கும். போன தோலைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

சோதனை சுலபம். தகட்டின் வெட்டு ஓரத்தை அரத்தால் சாய்வாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். 10 சதவீதக் காஸ்டிக் கரைசல் ஒரு சொட்டு வைத்து சில நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நடுப்பகுதி கறுத்து, இரண்டு ஓரமும் மெல்லிய வெள்ளைக் கோடாக நின்றால் தோல் உள்ள தகடு. உள்ளே இருக்கும் செம்புதான் கறுக்கிறது. ஓரம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் 5052 போன்ற தோல் இல்லாத ரகமாக இருக்கும், தாராளமாகத் தாள் போடலாம்.

ஆல்கிளாட் என்றால் தாள் கிடையாது. ரோட்டரி பாலிஷரில் கம்பளி அல்லது பருத்தி பஃப், வெட்டும் பேஸ்ட், 1,500 ஆர்பிஎம் அளவில், ஒரு முறைக்கு அரை மீட்டர் சதுரம். பேஸ்ட் காய்ந்து கறுப்புப் போய் உலோகம் தெளியும் வரை ஓட்டுங்கள். ரோட்டரி விடும் சுழிக்கோடுகளை ஆர்பிட்டல் பாலிஷரில் ஸ்வெட்டர் துணி (உள்பக்கத்துப் பஞ்சு வெளியே தெரியும்படி) கட்டி நுண் பேஸ்டால் எடுப்பார்கள்.

எந்த ரகமானாலும் 2 மி.மீ. தகடு சூட்டில் உப்பும். ஒட்டுப்பலகை மேல் இருபக்க டேப்பால் ஒட்டி வேலை செய்யுங்கள். ஓரிடத்தில் நிற்காதீர்கள். புறங்கை வைத்து மூன்று வினாடி தாங்க முடியவில்லை என்றால் வேறு பக்கம் போய்விட்டு வாருங்கள்.

#10 முகமூடி

இவ்வளவு நேரமாக யாரும் தூசியைப் பற்றிப் பேசவில்லை.

அலுமினிய நுண்தூள் காற்றில் பறந்தால் வெடிக்கும் பொருள். அதே பெஞ்ச் கிரைண்டரின் மறுபக்கக் கல்லில் இரும்பைத் தீட்டாதீர்கள். தீப்பொறி, அலுமினியத் தூள், துரு, பஞ்சு, கொழுப்பு எல்லாம் ஒரே கூட்டுக்குள் சேரும் இடம் அது. வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம், உள்ளே மோட்டார் பிரஷ்ஷில் பொறி பறக்கும். காற்றுக் குழலால் ஊதவும் வேண்டாம். மென்மையான துடைப்பத்தால் கூட்டி எடுங்கள், தினமும்.

ஈரத் தாளில் வந்த சேற்றை மூடி இறுக்கிய டப்பாவில் வைக்காதீர்கள். நனைந்த அலுமினியத் தூள் மெல்ல ஹைட்ரஜனை விடும். தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது, காய்ந்த மணலால் மூட வேண்டும். ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டிரிப்போலியில் சிலிக்கா இருக்கிறது. என்95க்குக் குறைந்த மாஸ்க் எதுவும் கணக்கில் சேராது. கைக்குட்டை கட்டிக்கொள்வது மனத்திருப்திக்கு மட்டும்.

பெஞ்ச் பஃபில் நடக்கும் விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: சாமானின் ஓரம் பஃப்பைப் பார்த்து நிற்கும், துணி அதைப் பற்றும், சாமான் கீழே அடித்து எகிறும். எப்போதும் அச்சு மட்டத்துக்குக் கீழே தொடுங்கள். பஃப் நடுப்பகுதியில் நுழைந்து ஓரத்தில் வெளியேற வேண்டும். ஓரத்தில் நுழையக் கூடாது. தொளதொள கையுறை, முழுக்கைச் சட்டை, மோதிரம், கழுத்துச் சங்கிலி வேண்டாம். குழாயைப் பிடிக்கும்போது உள்ளே விரலை விடாதீர்கள்.

இன்னொன்று, இரும்புக் கம்பளியால் இடையில் தேய்க்கும் பழக்கம். அதன் துணுக்கு அலுமினியத்தில் புதைந்து பின்னால் துருப்புள்ளி ஆகும்.

#11 புதுப்பட்டறை

மிக்க நன்றி. தகட்டின் ஓரத்தில் சொட்டு வைத்தேன், ஒரே நிறம்தான். குழாயில் காஸ்டிக் முடிந்து 1000 தாள் வரை வந்து, பழுப்பு, வெள்ளை இரண்டும் போட்டாகிவிட்டது. பார்த்தால் பிரகாசம் இருக்கிறது, ஆனால் விளக்கைப் பிடித்தால் மேலே லேசான பால் படலம். ஒரு பக்கத்தில் கறுப்பு இழுவையும் இருக்கிறது, துணியால் துடைத்தால் நகர்கிறதே தவிரப் போவதில்லை.

#12 சாணைக்கல்

முதலில் கறுப்பு. அது சோப்புக் கொழுப்பும் தூளும். துணி அதை இடம் மாற்றத்தான் செய்யும். சோள மாவு அல்லது சுண்ணத்தூளை மேலே தூவி, சுத்தமான ஃபிளானலால் தேய்த்தால் கொழுப்பை உறிஞ்சிக்கொண்டு உதிரும். காகிதத் துண்டு வேண்டாம், அதுவே கோடு போடும். மைக்ரோஃபைபர் என்றால் ஓரத் தையலையும் லேபிளையும் வெட்டிவிடுங்கள்.

பால் படலத்துக்கு: முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துடைத்துவிட்டுப் பாருங்கள். சோப்புக் கொழுப்பு நுண்கோடுகளை நிரப்பி மறைத்து வைக்கும், அதைக் கழுவாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. பிறகு ஒற்றை எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள்.

நேர்க்கோடுகள் ஒரே திசையில் ஓடினால் தாள் மிச்சம். கோடு ஆழமென்றால் 600க்குத் திரும்புங்கள், வெள்ளை சோப்பை அதன் மேல் வீணாக்க வேண்டாம். சின்னச் சின்ன சுருள்கோடு சாண்டர் விட்டது, தூசி அப்பிய டிஸ்க் அதற்குக் காரணம். வால் முளைத்த புள்ளிகள் என்றால் துளை. ஒரே திசையில் பஃப் ஓடி அந்தத் துளையின் ஓரத்தை இழுத்திருக்கிறது, திசையை மாற்றினால் குறையும். ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் என்றால் அழுத்தமும் சூடும் அதிகம். அது பஃபில் சரியாகாது, தாளில் சமப்படுத்தித்தான் வர வேண்டும்.

இவை எதுவுமே இல்லாமல், சீராக, பரவலாகப் பாலாக இருக்கிறதா? அப்படியானால் வெள்ளைக்குப் போட்ட பஃபில் பழுப்பு கலந்திருக்கிறது, அல்லது இரண்டுக்கும் நடுவில் சாமானைக் கழுவவில்லை. புதுத் தளர் பஃப், சோப்பு பெயருக்கு, கை எடை மட்டும், சுழலும் திசையோடு நாலைந்து இழுப்பு.

தகட்டுக்கு ஒரு பரீட்சை: ஸ்கேலை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி, பிம்பத்தில் எண்களைப் படியுங்கள். அடியில் எல்லாத் தகட்டிலும் தெளிவாகத்தான் இருக்கும். மேலே 15, 20 செ.மீ. எண்கள் கரையாமல் தெரிகின்றனவா என்பதுதான் கேள்வி. எண் மங்கினால் நுண்கோடு மிச்சம். எண் கூர்மையாகவே இருந்து வளைந்து நெளிந்தால் தகடு சமமில்லை. அதற்கு பிளாக், தாள்.

#13 புதுப்பட்டறை

வெள்ளை பஃபில் பழுப்பு கலந்ததுதான். பஃப் மாற்றியதும் தெளிந்துவிட்டது. இனி இது மங்காமல் இருக்க மேலே என்ன பூசுவது? கிளியர் லாக்கர் அடிக்கலாமா?

#14 விண்தகடு

லாக்கர் அடித்தால் மூடியில் பார்த்த அதே புழுத்தடம் சில காலத்தில் குழாயிலும் வரும். கண்ணாடி வழவழப்பில் லாக்கருக்குப் பிடிமானம் இல்லை. பிடிமானத்துக்காகச் சொரசொரப்பாக்கினால் பாலிஷ் போட்டதற்கே அர்த்தமில்லை. வீட்டுக்குள் இருக்கும் அலங்காரச் சாமானுக்கு மட்டும் சரி.

வெயில் மழை படும் குழாய்க்கும் தகட்டுக்கும் செயற்கை பாலிமர் சீலன்ட், மெல்லியதாக, முதலில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு. இன்ஜின் மூடிக்குக் கார்னோபா மெழுகு வேண்டாம், அது 80 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் உருகத் தொடங்கும், உருகின மெழுகில் தூசி ஒட்டும். சூடு தாங்கும் செராமிக் வகை சீலன்ட் பாருங்கள்.

நிரந்தரம் வேண்டுமென்றால் குழாயை மறுபடி தெளிவான மெல்லிய அனோடைசிங்குக்கு அனுப்பலாம். 6063 அதற்கு ஏற்ற ரகம். கண்ணாடித் தன்மை ஒரு படி குறையும், ஆனால் பிறகு தொட வேண்டியதில்லை. மூடியை அனுப்பாதீர்கள், சிலிக்கான் காரணமாகச் சாம்பல் நிறமாகித் திரும்பும்.

கழுவும்போது அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம். அலுமினியத்தைக் காக்கும் இயற்கைப் படலம் பிஎச் 4 முதல் 8.5 வரைதான் நிலைத்திருக்கும். சக்கரம் கழுவும் அமிலத் திரவமோ இன்ஜின் கழுவும் காரத் திரவமோ பட்டால், பட்ட இடம் நிமிடத்தில் வெளுத்துவிடும். கார் ஷாம்பூ போதும். கழுவியதும் ஒற்றி எடுங்கள், உப்புத் தண்ணீர் சொட்டாகக் காய விடாதீர்கள்.

#15 புதுப்பட்டறை

கடைசியாக ஒன்று. மூடியில் புடைப்பு எழுத்துகள் இருக்கின்றன, போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிவும் இருக்கிறது. அங்கே 6 இன்ச் பஃப் நுழையாது.

#16 வார்ப்புக்காரன்

குழிவுக்கு டை கிரைண்டரில் (சிறு முனைகள் மாட்டும் ஒடுங்கிய கைக் கிரைண்டர்) 25 மி.மீ. ஃபெல்ட் முனை. 20,000 ஆர்பிஎம்மில் விளிம்பு வேகம் 26 மீட்டர் வந்துவிடும், மூன்றாம்பஃப் சொன்ன கணக்குப்படியே. முனையின் தண்டில் போட்டிருக்கும் வேக வரம்பை மட்டும் பாருங்கள், தண்டு வெளியே நீண்டு நின்றால் அந்த வரம்பும் இறங்கும், வளைந்து சுழன்றடிக்கும். புது ஃபெல்ட் கோணலாக ஓடும். ஓடவிட்டபடியே பழைய அரத்தை லேசாகக் காட்டி வட்டமாக்கிக்கொள்ளுங்கள். ஃபெல்ட்டுக்கு முன்னால் அதே இடத்தில் 400, 600 தாளைப் பென்சில் முனையில் சுற்றித் தேய்த்திருக்க வேண்டும்.

எழுத்துகளின் மேல்முகத்தைச் சுற்றுப்பரப்போடு சேர்த்துத் தேய்க்காதீர்கள். மெத்தென்ற பஃப் எழுத்தின் ஓரத்தை உருட்டிவிடும், பஃப் போகும் திசையில் எழுத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒரு தேய்க்காத இடமும் விடும். சுற்றுப்பரப்பைத் தனியாக முடித்து, எழுத்தின் தலையை மட்டும் விறைப்பான பிளாக்கில் 800, 1000 தாள், பிறகு விறைத்த ஃபெல்ட் துண்டில் வெள்ளை சோப்பு வைத்துக் கையால். அடிவாரத்தில் தேங்கும் சோப்பைப் பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்துவிடும். போல்ட் துளைகளிலும் கேஸ்கெட் முகத்திலும் தேய்க்கும் முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். அந்த முகம் உருண்டால் மூடி எண்ணெய் கசியும்.